நாலாவது கட்டம்

காசிமேட்டில் எஞ்சின் உதிரிக்கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டுக்கு முப்பது அடி,
ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி.
பொம்பளை என்றாலும் என்னை
மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாஸ்டர், போன மாசம் பதினேழு சேர்ந்தேன், இப்ப எப்ப கட்டணும்.
மாஸ்டர், ரசீது.
மாஸ்டர், நாலு நாள் வரல, கழிச்சிக்குவீங்களா.
மாஸ்டர், ஜிபே போட்டுட்டேன், வந்திச்சா பாருங்க.

ஒருத்தி ஸ்குவாட்டில் இருக்கிறாள்,
முட்டி உள்ளே சாய்கிறது,
நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்
வந்திச்சா என்று.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
ஷட்டரைப் பாதி இறக்கி நோட்டை விரிப்பேன்.
நீலம், கட்டியவர்கள்.
சிவப்பு, கட்டாதவர்கள்.
பென்சில், கேட்கக் கூசுகிறவர்கள்.
எழுபத்து மூன்று பேர், இருபத்தெட்டு தேதி.
வருகைக்கு ஒரு நோட்டு, காசுக்கு ஒரு நோட்டு,
லாக்கர் சாவிக்கு ஒன்று.
மூன்றும் ஒன்றோடொன்று பேசாது
பாகம் பிரிந்த பங்காளிகள் மாதிரி.
நூற்றுப் பத்து கிலோ தூக்கின முதுகு
பிளாஸ்டிக் நாற்காலியில் பிடித்துக்கொண்டது.
கடைசியாக நான் பார்பெல்லைத் தொட்டது
துடைக்க.

கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் தௌலத்
கம்பியில் தொங்கியபடியே சொன்னாள்:
எங்க யார்டுல நாலாயிரம் பெட்டி,
ஒருத்தரும் நோட்டு வெச்சிக்கல மாஸ்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம்.
எல்லாருக்கும் ஐந்தாம் தேதி.
நடுவில் சேர்ந்தவர்களின் மிச்ச நாளை
ஒரேதரம் கழித்துக் கூட்டி
தலைவலியோடு முடித்தேன்.
சுவரில் இரண்டு க்யூஆர்.
ரசீது தானே போகும்.
சாவியை ஒழித்தேன், பூட்டு அவரவர் கொண்டுவரட்டும்.
வராத நாளுக்குக் கழிவில்லை என்று ஒட்டியதற்கு
இரண்டு நாள் முணுமுணுத்தார்கள்,
மூன்றாம் நாள் அதன் மேலேயே துண்டு தொங்கியது.

முதல் வாரம் ஒன்பது ஐம்பதுக்கே வேலை தீர்ந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
எடைத் தட்டுகளை அளவுவாரியாக அடுக்கினேன்.
மறுநாளும் அடுக்கினேன்.

மே ஐந்து, காலை ஆறு மணி.
போன் என்னைக் கேட்காமலே
இருபத்தாறு பேருக்கு எழுதியது:
அன்புள்ள உறுப்பினரே, தங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது.

செல்வமேரி வரவில்லை.
ஆறாம் தேதியும் இல்லை.
அவள் மாமியார், ஓரகத்தி, எதிர்வீட்டு ஃப்ளோரா,
யாரும் இல்லை.
ஏழரை பேட்ச் கண்ணாடியில்
பாதிக்கு வெறும் சுவர்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
போன வருஷம், அதே பெயர்கள்,
பக்கத்தில் என் பென்சில்:
தடை.
தடை.
தடை.
தடை.
ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள்
விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.
அவர்கள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை,
ஜூலையில் தானாக வந்துவிடும்.

தௌலத், இதுக்கு ஒரு கட்டம் இருக்கா?
கட்டியவர், கட்டாதவர், விலகியவர். அவ்ளோதான் மாஸ்டர்.
நாலாவது ஒண்ணு போடு.
என்ன பேரு?
தடை.
தடைன்னு போட்டா நாம தடை பண்ணிட்டோம்னு நினைப்பாங்க.
சரி, கரைன்னு போடு.

அன்று மத்தியானம் செல்வமேரி வீட்டுக்கு நடந்தேன்.
வாசலில் அவள் வீட்டுக்காரர்
கால்விரலில் வலையை மாட்டி இழுத்து
கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.
அது நீங்க எழுதினதா மாஸ்டர், என்றாள்.
இல்ல.
தெரியும். அன்புள்ள உறுப்பினரேவாம்.
சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது அவளுக்கு.
மறுநாள் வந்தாள், ஓரகத்தியோடு.
மாமியாருக்கு முட்டி வலியாம்.
நான் நம்பவில்லை.

இன்றைக்கு ஒன்பது ஐம்பது. ஷட்டர் பாதி.
நாற்பது கிலோ ஏற்றித் தோளில் வைத்தேன்.
கீழே டிரெய்லர் லாரி திரும்புகிற அதிர்வில்
தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
இறங்குகிறேன்.
முட்டி உள்ளே சாய்கிறதா என்று
பார்த்துச் சொல்ல ஆளில்லை.